எனக்குப் பிடித்த பாதிப் படங்கள்!

போன கோடை விடுமுறையில் ஒரு மத்தியானம். கூடத்தில் உட்கார்ந்து மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். என் பத்து வயதுப் பெண், கையில் நோட்டும் பென்சிலுமாக எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“அம்மா, உனக்குப் பிடிச்ச படத்தையெல்லாம் சொல்லு, எழுதிக்கிறேன். ரொம்பப் பழசு வேணாம். 2011-லேர்ந்து 2020-க்குள்ள வந்தது மட்டும்.”

என்னையும் ஒரு ஆளாக மதித்துப் பேட்டி எடுக்கிறாளே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. “‘இங்கிலீஷ் விங்கிலீஷ்’ எழுதிக்கோ” என்றேன்.

“எங்கே பார்த்தே?”

“முதல் பாதி தியேட்டர்ல. மீதியை நாலு வருஷம் கழிச்சு டி.வி.யில.”

“சரி, அடுத்தது?”

“‘96’. அதுவும் கடைசி அரை மணி பாக்கி வெச்சுட்டு வந்துட்டோம். அப்புறமா டி.வி.யிலதான்...”

பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். “என்னம்மா இது, எல்லாமே பாதிப் படமா இருக்கு!” என்று சிரித்துக்கொண்டே ஓடிப் போனாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2010-ல் கல்யாணம். 2012-ல் பிள்ளை, 2015-ல் பெண். நடுவில் மாமனாருக்குக் கண் ஆபரேஷன், மூன்று வாடகை வீடு, நாத்தனார் கல்யாணம். அந்தப் பத்து வருஷத்தில் நான் எந்தப் படத்தைத்தான் தலைப்பிலிருந்து வணக்கம் வரை உட்கார்ந்து பார்த்தேன்?

இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேராவது இப்போது “எங்க வீட்டுக் கதையும் அதேதான்” என்று சொல்லியிருப்பீர்கள். நான் சினிமா விமர்சகி அல்ல. கேமரா கோணம், திரைக்கதை உத்தி எல்லாம் எனக்குத் தெரியாது. இடுப்பில் பிள்ளையும் அடுப்பில் குழம்புமாகப் பார்த்த சில படங்களை மட்டும் சொல்கிறேன்.

கதவிடுக்கில் பார்த்த படம்

‘இங்கிலீஷ் விங்கிலீஷ்’ 2012 அக்டோபரில் வந்தது. பல வருஷங்களுக்குப் பிறகு ஸ்ரீதேவி நடித்த படம், தமிழிலும் வெளியானது. பிள்ளைக்கு அப்போது ஏழு மாதம். ஆசை யாரை விட்டது? தூக்கிக்கொண்டு போய்விட்டோம்.

அமெரிக்காவில் ஒரு காபிக் கடையில், ஆங்கிலம் வராமல் ஸ்ரீதேவி திணறி அவமானப்பட்டு வெளியே ஓடுவாரே, அந்தக் காட்சி வரைக்கும் பார்த்தேன். பிள்ளை வீறிட்டது. வெளியே தூக்கி வந்து தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். (கைக்குழந்தைக்காரிகளே, என் தப்பை நீங்களும் செய்யாதீர்கள். அந்தச் சத்தம் பிஞ்சுக் காதுக்கு ஆகவே ஆகாது.)

டி.வி.யில் மீதியைப் பார்த்தபோதுதான் எனக்கு மனசை என்னவோ செய்தது. லட்டு பிடித்து விற்கும் அந்த சசி, யாருக்கும் தெரியாமல் நாலு வாரம் ஆங்கில வகுப்புக்குப் போகிறாள். பரீட்சை நாளும் அக்கா பெண்ணின் கல்யாணமும் ஒரே நாளில் வந்து நிற்கின்றன. பிள்ளையின் விளையாட்டில் லட்டுத் தட்டு கொட்டிப் போகிறது. கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றாலும் அவள் கேட்கவில்லை. பரீட்சையை விட்டுவிட்டு மறுபடியும் லட்டு பிடிக்க உட்கார்ந்துவிடுகிறாள்!

“பைத்தியக்காரி” என்று வாய்விட்டுத் திட்டினேன். அந்த நேரத்தில் நானும் சப்பாத்தி மாவு பிசைந்த கையோடு கூடத்து வாசற்படியில் நின்றுகொண்டுதான் இருந்தேன். இயக்குநர் கௌரி ஷிண்டே, வீட்டிலேயே ஊறுகாய்த் தொழில் நடத்திய தன் தாயாரை நினைத்துத்தான் இந்தக் கதையை எழுதினாராம். அதனால்தான் அந்த லட்டு அத்தனை நிஜமாக இருக்கிறது.

தோசைக்கல்லில் பீட்சா

‘காக்கா முட்டை’ 2015-ல் வந்தது. மணிகண்டன் இயக்கியது. குழந்தைகளுக்கான சிறந்த படம் என்று தேசிய விருது பெற்றது. சென்னைக் குடிசைப் பகுதியில் இரண்டு பையன்கள். ரயிலிலிருந்து சிந்தும் கரியைப் பொறுக்கி விற்று, ஒரு பீட்சா சாப்பிடக் காசு சேர்க்கிறார்கள். விலை 299 ரூபாய்! அப்பா சிறையில். அம்மாவாக ஐஸ்வர்யா ராஜேஷ்.

இதை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் துண்டு துண்டாகப் பார்த்தேன். பேரன்கள் ஏங்குகிறார்களே என்று, விளம்பரத் தாளில் உள்ள படத்தைப் பார்த்துப் பார்த்து அந்தப் பாட்டி தோசை மாவிலேயே பீட்சா சுட்டுக் கொடுப்பாள். பையன்களுக்கு அது பிடிக்காது. என் மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஏம்மா, அந்தக் கிழவி பாவம் இல்லே?” என்றார்.

எல்லாக் கூத்தும் முடிந்து கடைசியில் நிஜப் பீட்சா கைக்கு வருகிறது. வாயில் வைத்தால் பிடிக்கவில்லை. பாட்டியின் தோசை இதைவிடத் தேவலை என்று படுகிறது பையன்களுக்கு. ஆனால் அதைக் கேட்கப் பாட்டி இல்லை!

மறுநாள் காலை என் பிள்ளை தோசையைப் பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்தான். வழக்கமாகக் கத்துவேன். அன்றைக்குக் கத்தவில்லை. என்றைக்காவது புரியும் என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வந்தவர்

அதே 2015-ல் ‘36 வயதினிலே’. குழந்தைகளுக்காகத் திரையை விட்டு விலகியிருந்த ஜோதிகா சுமார் எட்டு வருஷம் கழித்து நடித்த படம். மலையாளத்தில் மஞ்சு வாரியர் நடித்ததைத் தமிழில் எடுத்தார்கள். பாதியில் எழுந்து போனவர் திரும்பவும் வந்து நிற்க முடியும் என்று அவரே காட்டியது மாதிரி இருந்தது எனக்கு.

அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் வசந்தியைப் புருஷனுக்கும் பெண்ணுக்கும் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. அவர்கள் இருவரும் அயர்லாந்துக்குப் போய்விடுகிறார்கள். இவள் மொட்டை மாடியில் பூச்சிமருந்து அடிக்காமல் காய்கறி பயிரிட்டுப் பேர் வாங்குகிறாள்.

படத்தில் எல்லாம் ரொம்பச் சுலபமாக நடந்துவிடுகிறது என்பது என் கட்சி. செடிக்கு வெயிலும் எறும்பும் செய்கிற கொடுமையை மாடித்தோட்டம் போட்டவர்களைக் கேட்டால் தெரியும்! இருந்தாலும், படம் பார்த்த மறுவாரம் இரண்டு பழைய அரிசிச் சாக்கில் மண் நிரப்பி முளைக்கீரை விதைத்தேன். ஒரு மாசம்கூட ஆகவில்லை, பறித்துக் கூட்டு வைத்தேன். இன்றுவரை அந்த வழக்கம் நிற்கவில்லை. ஒரு சினிமாவால் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த இரும்புச்சத்து!

விமான நிலையத்துக்கு முன்பே...

‘96’ வந்தது 2018 அக்டோபரில். பிரேம்குமார் இயக்கம்; விஜய் சேதுபதி, த்ரிஷா. தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த இருவர், இருபத்திரண்டு வருஷம் கழித்துச் சந்திக்கிறார்கள். ஒரே ராத்திரி பேசிக்கொண்டே நடக்கிறார்கள். அவ்வளவுதான் கதை.

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் நானும் கணவரும் மட்டும் போன முதல் படம் அது. பிள்ளைகளை மாமியார் பார்த்துக்கொண்டார். படம் முடிய அரை மணி இருக்கும்போது போன் வந்தது. சின்னவளுக்கு ஜுரம். எழுந்துவிட்டோம்.

ஸ்கூட்டரில் வரும்போது கணவர் சொன்னார்: “அவ திரும்பிப் போயிருக்க மாட்டா. அங்கேயே இருந்திருப்பா.”

“நல்லா இருக்கே! சிங்கப்பூர்ல அவளுக்குக் குழந்தை இருக்குல்ல? போகாம என்ன செய்வா?” என்றேன்.

ஜுரம் வந்த பெண்ணைப் பார்க்க நாங்களே படத்தை விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறோம்! டி.வி.யில் போட்டபோது பார்த்தோம். நான் சொன்னதுதான் நடந்தது. அவள் விமானம் ஏறிவிட்டாள். கணவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் இரண்டு டம்ளர் காபி கலந்துகொண்டு வந்தார்.

காதால் பார்க்க முடியாத படம்

நம்மில் பலர் படத்தைப் பார்ப்பதில்லை, கேட்கிறோம். அடுக்களையில் நின்றபடியே வீணை சோகமாக வந்தால் யாரோ செத்துவிட்டார்கள், தவில் அடித்தால் கல்யாணம் என்று தெரிந்துகொள்கிறோம். என்னுடைய அந்தச் சாமர்த்தியத்தைத் தோற்கடித்த படம் ‘டூ லெட்’. செழியன் இயக்கியது. 2017-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படமாகத் தேசிய விருது பெற்று, 2019 பிப்ரவரியில் திரைக்கு வந்தது. இதில் பாட்டும் கிடையாது, பின்னணி இசையும் கிடையாது!

கதை 2007-ஆம் வருஷத்துச் சென்னையில் நடக்கிறது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்து வாடகை ஏறிய காலம். ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய் என்கிறாள் வீட்டுக்காரி. கணவனும் மனைவியும் சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு தெருத் தெருவாக வீடு தேடுகிறார்கள். அடுக்களையிலிருந்து எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

சுவரெல்லாம் பிள்ளை கிறுக்கி வைத்திருக்கும். நாங்கள் இருந்த இரண்டாவது வாடகை வீட்டில், என் பிள்ளை சுவரில் வரைந்த ரயிலுக்காக அட்வான்ஸில் வெள்ளையடிக்கும் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். நான் ராத்திரியெல்லாம் ஈரத்துணியால் தேய்த்தேன். அது போகவே இல்லை. அதை யாரிடமும் சொல்லி அழுததில்லை. இந்தப் படத்தைப் பார்த்துத்தான் அழுதேன்.

அம்மா பார்த்த முழுப் படம்

பாதிப் படம் பார்க்கும் வழக்கம் எனக்கு அம்மா கொடுத்த சீதனம். மன்னார்குடிப் பக்கத்தில் நாங்கள் இருந்தபோது, அம்மா மத்தியான ஆட்டத்துக்குத்தான் போவாள். ஐந்தரைக்கு அப்பா வீட்டுக்கு வந்துவிடுவார். வந்ததும் காபி வேண்டும். அதனால் படம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போதே முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவாள். என்னையும் இழுத்துக்கொண்டு ஓடுவாள். முடிவைத் தெரிந்துகொள்வது மறுநாள் தெருக்குழாயடியில்.

2018-ல் அப்பா காலமானார். அம்மா எங்களோடு திருச்சிக்கு வந்தாள். 2019 டிசம்பர் 27-ந்தேதி ‘சில்லுக்கருப்பட்டி’ வந்தது. ஹலிதா ஷமீம் என்ற பெண் இயக்கியது. நாலு சின்னக் கதைகள். குப்பை பொறுக்கும் பையன் ஒருவன், நோயோடு ஒரு இளைஞன், வயதான காலத்தில் சந்திக்கும் இரண்டு பேர், பேச்சற்றுப் போன ஒரு குடும்பம். பொங்கலுக்கு முன்னால் ஒரு மத்தியானம் அம்மாவை அழைத்துப் போனேன்.

கடலாமையைப் பற்றிப் பேசிக்கொண்டு லீலா சாம்ஸன் வரும் மூன்றாவது கதையில் அம்மா அசையவே இல்லை. நாலாவது கதையில், மூன்று பிள்ளைகளைப் பெற்ற பிறகு கணவன் தன்னிடம் பேசுவதே இல்லை என்று ஒருத்தி, கேட்டதற்குப் பதில் சொல்லும் ஒரு கருவியிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். அது முடியும் தறுவாயில் அம்மா முந்தானையை உதறினாள்.

“கிளம்பலாமாடி? கூட்டம் வந்துடும்.”

“யாருக்கும்மா காபி போடணும்? உட்காரு” என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே உறைத்தது. இருட்டில் அம்மாவின் முகம் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

படம் முடிந்தது. விளக்குப் போட்டார்கள். எல்லோரும் எழுந்து போகிறார்கள். அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி, நம்ம காலத்துல பேரெல்லாம் முதல்லயே போடுவாங்களே. இப்போ கடைசியிலே போடறாங்களா?”

“ரொம்ப வருஷமா அப்படித்தாம்மா.”

“எனக்குத் தெரியவே தெரியாதுடி” என்றாள். கடைசிப் பேர் போகிறவரை இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

2020 மார்ச்சில் தியேட்டர்களை மூடினார்கள். தமிழ்நாட்டில் மறுபடி திறக்க நவம்பர் ஆயிற்று. 2021-ல் அம்மா போய்விட்டாள். எனக்குத் தெரிந்து தியேட்டரில் அம்மா முழுசாகப் பார்த்த ஒரே படம் அதுதான். எனக்கும் அந்தப் பத்து வருஷத்தில் அது ஒன்றுதான் முழுப் படம்.

ஒரு வேண்டுகோள்

இதையெல்லாம் பெண்ணிடம் சொல்லவில்லை. “கடைசியா ‘சில்லுக்கருப்பட்டி’ எழுதிக்கோ. அது முழுப் படம்” என்று மட்டும் சொன்னேன்.

சகோதரிகளே, குழந்தை சின்னதாக இருக்கும்போது நம்மால் முடியாது, உண்மைதான். அதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் வளர்ந்த பிறகும், யாரும் எழுப்பாமலே நாம் எழுந்துகொள்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒரு படமாவது உட்கார்ந்து முடியுங்கள். உங்கள் அம்மாவோ மாமியாரோ இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். மாவு ஒரு மணி நேரம் கூடப் புளித்தால் ஊத்தப்பம் சுட்டுக்கொள்ளலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் படம் பார்த்தோம். குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. பழக்கதோஷம், எழுந்துவிட்டேன். பெண் என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

“அண்ணா, நீ போய் அடுப்பை அணைச்சுட்டு வா. அம்மா, நீ உட்காரு.”

உட்கார்ந்துவிட்டேன்.