அதே விலை, குறைந்த ஆற்றல்: இ20 பெட்ரோல் குடும்பச் செலவை எப்படிக் கூட்டுகிறது?

இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு மத்திய அரசு வகுத்திருக்கும் இப்போதைய திட்டம் 2026 அக்டோபர் 31 வரைதான். அதன்பின் எத்தனால் அளவு இன்னும் கூடுமா, இருபதிலேயே நிற்குமா என்பது அமைச்சகங்களுக்கு இடையேயான குழுவின் அறிக்கையைப் பரிசீலித்த பிறகே முடிவாகும் என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் தெரிவித்தது. கெடு நெருங்குவதால் வாசகர் கடிதங்களும் குவிகின்றன. ‘மைலேஜ் கால்வாசி போய்விட்டது’ என்கிறது ஒரு சாரார் கடிதம். ‘எல்லாம் வதந்தி, எதுவும் குறையவில்லை’ என்கிறது இன்னொரு சாரார் கடிதம். இரண்டுமே தவறு. டயரில் காற்று, கிளட்ச் மேல் கால், ஏ.சி. என்று பெட்ரோலை மிச்சப்படுத்தும் வழிகளை எல்லோரும் கேட்டுக் கேட்டு அலுத்திருப்பார்கள். அவற்றை இங்கே விரிக்கப்போவதில்லை. வீட்டுக் கணக்கில் யாரும் எழுதாத வரி ஒன்று இருக்கிறது. நாம் வாங்கும் லிட்டருக்குள் இருக்கும் சரக்கு மாறிவிட்டது, லிட்டரின் விலை அதற்கேற்ப மாறவில்லை.

காரை நகர்த்துவது எரிபொருள் எரியும்போது வெளிவரும் வெப்பம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் ஏறக்குறைய 21 மட்டுமே. எத்தனால் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இடம்பிடித்திருப்பதால், எரிவதற்கான பொருள் அதில் அந்த அளவுக்குக் குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் சேர்த்தால், கலவையின் ஆற்றல் தூய பெட்ரோலைவிட ஏழு சதவீதத்தை ஒட்டிக் குறையும். நாடு 2022 ஜூனிலேயே பத்து சதவீதக் கலப்பை எட்டிவிட்டது என்பதால், பெரும்பாலான குடும்பங்கள் அண்மையில் உணர்ந்திருக்கக்கூடிய சரிவு இ10-லிருந்து இ20-க்கு மாறியதால் வந்தது. அது சுமார் மூன்றரை சதவீதம். இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை, பெருக்கிப் பார்த்தாலே போதும். கால்வாசி மைலேஜ் போனதாகச் சொல்பவர்கள் வண்டியில் வேறு கோளாறைத் தேட வேண்டும். எதுவும் குறையவில்லை என்பவர்கள் அளந்து பார்க்கவில்லை.

அரசுத் தரப்பும் சரிவை மறுக்கவில்லை. இ10-க்கென வடிவமைத்து இ20-க்கு ஏற்பச் சரிசெய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம், மற்ற வண்டிகளில் 3 முதல் 6 சதவீதம் வரை எரிபொருள் திறன் குறையலாம் என்பது அமைச்சகத்தின் 2025 ஆகஸ்ட் விளக்கம். தூய பெட்ரோலுக்கென வடிவமைத்து இ10-க்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையும் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டிருந்தது. இந்தச் சரிவுக்கு அமைச்சகம் வைத்திருக்கும் பெயர் ‘சொற்பம்’. யாருக்குச் சொற்பம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் ஒரு கார் ஆண்டுக்கு 800 லிட்டர் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் செலவு 80,000 ரூபாய். மூன்றரை சதவீதச் சரிவில் கூடுதலாக 29 லிட்டர், ஆறு சதவீதச் சரிவில் 51 லிட்டர் போட வேண்டும். அதாவது, பங்க்கில் விலைப் பலகை ஒரு பைசாகூட மாறாமலேயே ஆண்டுக்கு 2,900 முதல் 5,100 ரூபாய் வரை விலை ஏறியிருக்கிறது. லிட்டருக்கு ஐம்பது பைசா கூட்டினால் தலைப்புச் செய்தியாகும் நாட்டில், மூன்று ரூபாய்க்கும் மேலான இந்த ஏற்றம் யார் கண்ணிலும் படாமல் கடந்துபோகிறது.

மைலேஜ் என்பது ஓட்டும் பழக்கம், பராமரிப்பு, டயர் காற்று, ஏ.சி. பயன்பாடு எனப் பலவற்றைப் பொறுத்தது என்பது அரசின் முதல் பதில். உண்மைதான். ஆனால் அதே ஓட்டுநரும் அதே ஏ.சி.யும் கலப்பு கூடுவதற்கு முன்பும் இருந்தார்கள். அவற்றால் வரும் ஏற்ற இறக்கம் பழைய கணக்கு, எத்தனாலால் வரும் சரிவு அதன்மேல் புதிதாக ஏறியது. சொல்லப்போனால், இந்தப் பதில் நுகர்வோர் பக்கத்தைத்தான் வலுவாக்குகிறது. நகர நெரிசலில் ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் மைலேஜ் பத்து சதவீதம்கூட மாறும் என்றால், மூன்று சதவீத இழப்பைத் தனி ஒரு குடும்பம் தன் காரை வைத்து ஒருபோதும் நிரூபிக்க முடியாது. வாங்குபவரால் கண்டுபிடிக்க முடியாத குறையை வெளிப்படையாகச் சொல்லும் பொறுப்பு விற்பவருக்குத்தான் சேரும். இரண்டாவது பதில் ஆக்டேன் பற்றியது: எத்தனால் சேர்ந்தால் ஆக்டேன் எண் உயர்ந்து, வண்டி துடிப்பாக ஓடும் என்கிறார்கள். உயர்ந்த ஆக்டேனைப் பயன்படுத்திக்கொள்ள எஞ்சினின் அமுக்க விகிதமும் உயர்ந்திருக்க வேண்டும். டர்போவும் நாக் சென்சாரும் உள்ள புதிய வண்டிகள் அதில் கொஞ்சம் பலன் எடுக்கலாம். பத்து வருடத்துக்கு முன் வாங்கிய சாதாரண ஹேட்ச்பேக்கின் அமுக்க விகிதம் தொழிற்சாலையிலேயே முடிவானது. பெட்ரோல் மாறியதற்காக அது மாறாது.

விலை விஷயம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஆற்றல் குறைவதை ஈடுகட்ட, கலப்பு எரிபொருளின் சில்லறை விலை சாதாரண பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று 2021 அறிக்கையே பரிந்துரைத்தது. அது ஏன் நடக்கவில்லை என்று கேட்டபோது அமைச்சகம் தந்த பதில், அந்த அறிக்கை எழுதப்பட்ட காலத்தில் எத்தனால் பெட்ரோலைவிட மலிவு, இப்போது அப்படியில்லை என்பது. 2025 ஜூலை இறுதி நிலவரப்படி எத்தனாலின் சராசரிக் கொள்முதல் விலை, போக்குவரத்தும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து லிட்டருக்கு 71.32 ரூபாய், சுத்திகரித்த பெட்ரோலின் அடக்க விலையைவிட அதிகம். இந்த 71 ரூபாயை ஆற்றல் கணக்கில் மாற்றிப் பார்த்தால்தான் முழுப் படமும் தெரியும். ஒரு லிட்டர் பெட்ரோல் தரும் ஆற்றலைப் பெற ஒன்றரை லிட்டர் எத்தனால் வேண்டும். அதற்கு ஆகும் செலவு சுமார் 108 ரூபாய். வரியெல்லாம் சேர்ந்து பங்க்கில் நாம் கொடுக்கும் நூறு ரூபாயையே இது தாண்டுகிறது. வரியும் லிட்டர் கணக்கில்தான் நடக்கிறது. தமிழ்நாட்டின் மதிப்புக் கூட்டு வரியில் 13 சதவீதத்தோடு லிட்டருக்கு 11.52 ரூபாய் என்ற நிலையான பகுதியும் உண்டு. அதே தூரம் ஓட அதிக லிட்டர் போடும் குடும்பம், அதிக வரியும் சேர்த்தே கட்டுகிறது.

ஒரு திரவத்தை அதன் சத்தைப் பார்த்து விலை வைப்பது நமக்குப் புதிதல்ல. கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றும் விவசாயிக்குக் கொழுப்புச் சத்தும் இதரச் சத்தும் பார்த்துத்தான் பணம். ஆவின் நீலப் பாக்கெட்டும் ஆரஞ்சுப் பாக்கெட்டும் ஒரே விலைக்கு விற்பதில்லை. பெட்ரோலுக்கு மட்டும் ஏன் வெறும் அளவு? பிரேசிலில் பெட்ரோலில் 27 சதவீதம் எத்தனால் ஓடுகிறதே என்று அதிகாரிகள் எடுத்துக்காட்டுவது வழக்கம். 2025 ஆகஸ்டில் அங்கே அது 30 சதவீதமாகவும் ஆனது. அந்த உதாரணத்தின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். பிரேசில் பங்க்குகளில் எத்தனாலுக்குத் தனிக் குழாய் இருக்கிறது. 2003 முதல் இரண்டு எரிபொருளிலும் ஓடும் கார்கள் விற்பனையில் இருக்கின்றன. எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால் போடு என்ற கணக்கு அங்கே சாதாரண வாகன ஓட்டிக்கும் மனப்பாடம். அந்த எழுபது வந்ததே ஆற்றல் வித்தியாசத்திலிருந்துதான். இங்கே தேர்வும் இல்லை, விலை வித்தியாசமும் இல்லை. எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்க உத்தரவிடக் கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது.

அந்நியச் செலாவணி மிச்சம், விவசாயிக்கு வருமானம் என்ற வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2014-15 முதல் 2025 ஜூலை வரை 1.44 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் செலாவணி மிச்சமானதாக அரசு சொல்கிறது. மிச்சக் கணக்கிலும் ஆற்றல் சேர வேண்டும், ஏனென்றால் ஒரு லிட்டர் எத்தனால் முக்கால் லிட்டருக்கும் குறைவான பெட்ரோலைத்தான் மிச்சப்படுத்தும். அதை விட்டுவிட்டு முழுத் தொகையையும் ஏற்றுக்கொண்டாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. பலன் நாடு முழுவதற்கும் என்றால், அதன் விலையைக் கிலோமீட்டர் கணக்கில் பெட்ரோல் போடுபவர்களிடம், அதிலும் தினமும் வேலைக்கு வண்டி ஓட்டுபவர்களிடம், சத்தமில்லாமல் வசூலிப்பது நியாயமா? இருபதுக்கு மேல் போகும் முடிவை எடுப்பதற்கு முன், பங்க் இயந்திரத்தில் எத்தனால் சதவீதத்தை எழுதி ஒட்டட்டும். ஆற்றல் குறையும் விகிதத்தில் லிட்டர் வரியையாவது குறைக்கட்டும்.

அதுவரை குடும்பங்கள் செய்யக்கூடியது, லிட்டர் விலையை மறந்து கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்று கணக்கு வைப்பது. ஒரே பங்க்கில், ஆட்டோ கட்-ஆஃப் ஆகும்வரை டேங்க் நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மறுபடி நிரப்பும்போது போட்ட தொகையை அந்தத் தூரத்தால் வகுக்க வேண்டும். ஐந்தாறு முறை செய்தால் போக்குவரத்து நெரிசலின் ஏற்ற இறக்கம் ஓரளவு அடங்கும். டேஷ்போர்டு காட்டும் மைலேஜை நம்ப வேண்டாம்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக. டயர் காற்று? பரிந்துரைத்த அளவில் வைத்தால் 3 சதவீதம் வரை மீட்கலாம். பழைய காருக்குச் சேதமா? சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பின் ரப்பர் பாகங்களும் கேஸ்கெட்டும் மாற்ற வேண்டிவரலாம் என அமைச்சகமே சொல்கிறது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பிரீமியம் பெட்ரோல்? எஞ்சின் கையேடு கேட்காவிட்டால் வீண். அதிகாலையில் நிரப்பினால் அதிகம் கிடைக்குமா? டேங்க் நிலத்தடியில் இருப்பதால் வித்தியாசம் சொல்லும்படி இராது. இறக்கத்தில் நியூட்ரல்? ஆபத்து, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் இறங்கும்போதுதான் பெட்ரோல் முழுதாக நிற்கும். அக்டோபருக்குப் பின் இ27 வந்தால்? தூய பெட்ரோலைவிட ஆற்றல் சுமார் 9 சதவீதம் குறையும்.