தூண்டில் நரம்பு தண்ணீரில் மறைவது எப்படி?

அம்பத்தூர் ஏரியில் ஜிலேபி மீனுக்குத் தூண்டில் போட உதவும் தங்கூஸ், நைலான் இழை. கையில் கண்ணாடிபோலிருக்கும் அது தெளிந்த நீரில் மீனுக்கு ஏன் தெரிகிறது?

ஒளிவிலகல் எண்தான் காரணம். தண்ணீருக்கு 1.33, நைலானுக்குச் சுமார் 1.53. வேறுபாடு கூடினால் ஒளி அதிகம் வளையும், பளபளக்கும். ஃப்ளூரோகார்பன் என்ற இன்னொரு வகை இழைக்குச் சுமார் 1.42; அதனால் மங்கலாகவே தெரியும். குளிர்நாட்டு ஏரிகளில் கூர்ந்த பார்வையுள்ள டிரவுட் மீனுக்கு, முள்ளையொட்டி இதைத்தான் கட்டுகிறார்கள்.

நைலானுக்கும் ஒரு பலம் உண்டு: அது நீளும். மீன் உதறும் வேகத்தை வாங்கிக்கொள்ளும். கலங்கிய ஏரிக்கு அதுவே போதும். முடிச்சை ஈரமாக்கி இறுக்குங்கள்; உராய்வுச் சூடு இழையைக் கெடுக்காது.

அறுந்த நரம்பைக் கரையில் விடாதீர்கள். மக்காத அந்த இழை நாரையின் காலைச் சுற்றினால் உயிரே போகும்.