இரசாயனச் சரக்கு இறக்கும் இடத்தில் கால் வழுக்கினால்

இரசாயன ஆலைகளிலும் சாயப்பட்டறைகளிலும் ஒருவர் வெந்துபோனார் என்றால், நெருப்போ கொதிகலனோதான் காரணம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வழுக்கி விழுந்து வெந்தவர்களும் உண்டு. அந்த ஆலைகளுக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் நம் உறுப்பினர்கள்; அங்கே போய் இறக்குகிறவர்கள் நம் ஆட்கள். ஆகவே இது நமக்கும் சம்பந்தப்பட்ட விஷயமே.

காஸ்டிக் சோடாவை எடுத்துக்கொள்வோம். மூட்டை கிழிந்து செதில் கொட்டினால், மேலாக அள்ளிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். தரையில் தங்கிய செதில் காற்றின் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். அந்த ஈரம் சோப்புத் தண்ணீராக வழுக்கும். கால் வழுக்கியவர் விழுவதும் அதன் மேல்தான். ஆசிட் பட்டால் உடனே எரியும். காஸ்டிக் முதலில் அவ்வளவாக வலிக்காமலே தோலுக்குள் இறங்கும். "ஒன்றுமில்லை" என்று கைலியில் துடைத்துக்கொண்டு அடுத்த மூட்டையைத் தூக்குகிறவருக்குத்தான் புண் ஆழமாகிறது.

ஆலையில் கரைக்கும் தொட்டி இன்னும் மோசம். காஸ்டிக் கரையும்போது தண்ணீர் தானாகவே கடுமையாகச் சூடேறும். அதில் கால் தவறியவருக்குச் சூடு ஒரு பக்கம், காரம் ஒரு பக்கம். ஆபத்தான தொட்டி, பள்ளங்களுக்கு மூடியோ தடுப்போ வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே 33-ஆம் பிரிவில் சொல்லியிருந்தது. மூடியில்லாத தொட்டி ஓரமாக மூட்டை சுமக்க மாட்டோம் என்று சொல்ல நம் ஆட்களுக்கு நாம் தைரியம் கொடுக்க வேண்டும்.

எடையும் ஏமாற்றும். 35 லிட்டர் கேனில் தண்ணீர் 35 கிலோ. அடர் கந்தக அமிலமோ ஏறக்குறைய 64 கிலோ. அதை ஒற்றை ஆள் தோளில் ஏற்றிப் படி ஏறுவதா? இரண்டாம் ஆள் கூலியில் மிச்சம் பிடிக்க வேண்டாம். அமிலம் சிந்தினால் மரத்தூள் போடாதீர்கள், கருகிப் புகையும். உலர்ந்த மணல் போடுங்கள்.

பட்டுவிட்டால் முதல் மருந்து தண்ணீர். ஒட்டிய உலர்ந்த செதிலைத் தட்டிவிட்டு, நனைந்த உடையையும் செருப்பையும் கழற்றி, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். காஸ்டிக் என்றால் இன்னும் கூடுதலாக. கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்துக் கழுவ வேண்டும். எலுமிச்சை, வினிகர், இங்க், பற்பசை எதுவும் கூடாது. கழுவிய பிறகே ஆட்டோ. போகும்போது மூட்டையில் உள்ள சரக்கின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.