ஒவ்வொரு சினாப்ஸையும் தனியாக அளக்க வேண்டும்

ஜொகூர் உட்பட மலேசியத் தீபகற்பத்தில் வாழும் மலாயா கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலி தெரிவதில்லை. சில மணி நேரத்தில் இமை தொங்கும். சிகிச்சை கிடைக்காவிட்டால் மூச்சு நின்றுவிடக்கூடும். அதன் நஞ்சிலுள்ள பீட்டா பங்காரோடாக்சின், நரம்பு முனை தசையை நோக்கி அசிட்டைல்கோலின் என்ற நரம்புக்கடத்தியை வெளியிடும் வேலையையே குலைத்துவிடுகிறது. அந்த வெளியீட்டைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, நுண்மின்முனையைச் செருகி அளக்க இடம் கொடுக்கும் நரம்பு-தசைச் சந்திப்பிலிருந்து வந்தது. 1950களில் தவளைத் தசையில் பெர்னார்ட் காட்ஸும் சக ஆய்வாளர்களும் செய்த அளவீடுகளில்தான், நரம்புக்கடத்தி பொட்டலம் பொட்டலமாக வெளிவருகிறது என்பது தெளிவானது. காட்ஸுக்கு 1970இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் தசையில் கண்டதை அப்படியே மூளைக்குப் பொருத்திப் பார்ப்பது தவறு. தசையில் ஒரு நரம்புத் துடிப்புக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பொட்டலங்கள் வெளிவரலாம். மூளையில் நியூரான்கள் சந்திக்கும் இடமான சிறிய சினாப்ஸ் சுமார் ஒரு மைக்ரோமீட்டர் அகலமே உள்ளது. அங்கே பெரும்பாலும் ஒன்று வரும், அல்லது எதுவுமே வராது. நியூரானில் மின்முனையை வைத்து அளந்தால் பல சினாப்ஸ்களின் கூட்டுத்தொகைதான் கிடைக்கும். அதை வகுத்துச் சராசரி காண்பது எளிது. அந்தச் சராசரிப்படி நடக்கும் சினாப்ஸ் எங்காவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சென்னை ஐஐடியில் படித்த வெங்கடேஷ் மூர்த்தி, கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் டெரன்ஸ் செய்னோவ்ஸ்கி, சார்லஸ் ஸ்டீவன்ஸ் ஆகியோருடன் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் தேடியது. நரம்புக்கடத்தியை வெளியேற்றிய நுண்பையின் சவ்வு மீண்டும் உள்ளே இழுக்கப்படும்போது எஃப்எம் என்ற ஒளிரும் சாயமும் கூடவே சிக்கிக்கொள்கிறது. எந்தச் சினாப்ஸ் எவ்வளவு ஒளிர்கிறது என்று பார்த்து, அது எத்தனை முறை வெளியிட்டது என்று கணிக்கலாம். ஹிப்போகேம்பஸ் நியூரான்களில் அப்படிக் கணித்தபோது, பெரும்பாலான சினாப்ஸ்கள் துடிப்புக்கு அரிதாகவே பதில் சொன்னதும், சில மட்டும் மிகத் தாராளமாக வெளியிட்டதும் தெரிந்தது.

சாயம் அளப்பது சவ்வின் சுழற்சியைத்தானே, நரம்புக்கடத்தியை அல்லவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 1993இலேயே இரு குழுக்கள் சாயமே இல்லாமல், எம்கே-801 என்ற மருந்தைக் கொண்டு இதை ஆராய்ந்திருந்தன. நரம்புக்கடத்தி பட்டுத் திறந்த ஏற்பிகளை மட்டுமே அது அடைக்கும். எனவே அடிக்கடி வெளியிடும் சினாப்ஸ் விரைவில் அடங்கும், அரிதாக வெளியிடுவது மெதுவாக அடங்கும். இரண்டு வேகங்களும் அங்கே கலந்தே தெரிந்தன. தொடர்பில்லாத இரு வழிகள் ஒரே முடிவுக்கு வருவது எனக்கு வலுவான சான்று. 2013இல் வந்த, குளுட்டமேட் என்ற நரம்புக்கடத்தியை உணரும் புரதம், உயிருள்ள விலங்கின் மூளையிலேயே வெளியீட்டை ஒளியாகக் காட்டுகிறது. அதற்கும் குறை உண்டு: மங்கலான ஒளி இரைச்சலில் மறைந்தால், சோம்பலான சினாப்ஸ்கள் கணக்கில் விடுபட்டுப்போகும்.

இத்தனை சினாப்ஸ்கள் இருக்கும்போது கூட்டுத்தொகை போதாதா என்பது இன்னொரு மறுப்பு. போதாது. வெளியீடு பாதியாகக் குறைந்தால், எல்லாச் சினாப்ஸ்களும் தளர்ந்திருக்கலாம். அல்லது பாதி சினாப்ஸ்கள் முற்றிலும் ஓய்ந்திருக்கலாம். கூட்டுத்தொகையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வலிப்பு நோய்க்குத் தரப்படும் லெவெடிராசெட்டம் ஒட்டிக்கொள்வது நுண்பையிலுள்ள எஸ்வி2ஏ என்ற புரதத்தில்தான். அந்த மருந்து இவற்றில் எந்த மாற்றத்தைச் செய்கிறது என்பதைச் சினாப்ஸ் சினாப்ஸாக அளந்தால்தான் சொல்ல முடியும்.