பயணம் போனவர்களின் ஊர் ஏக்கம்

தமிழ் முஸ்லிம்கள் வாழும் கடலோர ஊரான கீழக்கரையின் ஆண்கள் பல தலைமுறைகளாகக் கடல் தாண்டிப் பிழைத்தவர்கள். முத்து, சங்கு, மாணிக்கக் கல் வணிகம் அவர்களைக் கொழும்புக்கும் மலாய் நாட்டுக்கும் கொண்டுபோனது. 1970களில் வளைகுடாவில் எண்ணெய்ப் பணம் பெருகியபோது பயணம் துபாய்ப் பக்கம் திரும்பியது. கீழக்கரைக்காரரான பி.எஸ். அப்துர் ரஹ்மான் 1973இல் அங்கே கூட்டாகத் தொடங்கிய ஈ.டி.ஏ. நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் வேலை பார்த்தார்கள். பிழைப்பு கிடைத்தது, ஊர் ஏக்கமும் கூடவே போனது.

இந்த ஏக்கத்தை மருத்துவம் ஒரு காலத்தில் நோயாகவே எண்ணியது. அயல்மண்ணில் வாடிய சுவிஸ்காரர்களைப் பற்றி யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் 1688இல் பாசல் நகரில் ஆய்வேடு எழுதினார். இன்றைய உளவியல் இதைப் பிரிவுத் துயரத்தோடு சேர்த்துப் பார்க்கிறது. தூக்கம் பிடிக்காது, சாப்பாடு இறங்காது, வேலையில் மனம் ஒட்டாது. முதல் மாதங்களில்தான் வேகம் அதிகம். வேலை நேரத்தில் அடங்கியிருப்பது, கை சும்மா இருக்கும்போது எழும். பெருநாள் காலை மிகக் கடினம். தொழுகை முடிந்து, வீட்டாரோடு போனில் பேசி முடித்தபின் அறைக்கட்டிலில் படுத்தே பகலைக் கழிப்பவர்கள் ஏராளம்.

கீழக்கரையின் குடும்ப ஏற்பாடு இந்தப் பிரிவை ஒருவகையில் தாங்கிப் பிடிக்கிறது. மணமான பெண் தாய்வீட்டிலோ, பெற்றோர் கொடுத்த வீட்டிலோ இருப்பது இங்கே வழக்கம். மாப்பிள்ளைதான் அங்கே வந்து சேர்வார். அதனால் கணவர் பயணத்தில் இருந்தாலும் மனைவியும் பிள்ளைகளும் சொந்தங்களின் நடுவில் இருக்கிறார்கள். அதற்கான விலையை ஆண் கொடுக்கிறார். லீவில் வரும் வாப்பாவிடம் போக வெட்கப்பட்டு, உம்மாவின் சேலைக்குள் முகம் புதைக்கும் குழந்தையைப் பார்க்கும்போது, எந்த வீட்டை நினைத்து ஏங்கினாரோ அந்த வீட்டிலேயே தான் விருந்தாளி என்பது அவருக்குப் புரிகிறது. ஊர் ஏக்கம் பற்றிய பேச்சில் அதிகம் கவனிக்கப்படாத வலி இதுதான்.

போன இடத்தில் ஒட்டிக்கொள்ள ஊர்க்காரர்கள் கண்ட வழி, அங்கேயும் ஒரு ஜமாஅத்தை உண்டாக்குவது. சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் சிங்கப்பூரில் ஜாமிஆ சூலியா பள்ளியை எழுப்பியது 1820களிலேயே. துபாய் தேராவில் ரமலான் மாலைகளில் தமிழ் முஸ்லிம்களின் ஈமான் அமைப்பு பரிமாறும் நோன்புக் கஞ்சிக்கு, ஊர் பேர் தெரியாதவர்களும் வரிசையாக உட்காருகிறார்கள். புதிதாக வந்தவருக்கு அறை பிடித்துக் கொடுக்க, உடம்புக்கு முடியாவிட்டால் கூட இருக்க ஆள் கிடைப்பது இப்படித்தான். ஊரிலிருந்து வருபவரின் பெட்டியில் தொதல் என்ற இனிப்பு இருக்கும். தேங்காய்ப் பால் எண்ணெய் கக்கும்வரை மணிக்கணக்கில் கிண்டியதால் பல நாள் கெடாது. ஒரு பொட்டலம் அறை முழுவதற்கும் பங்காகும்.

ஆனால் ஊர்க்கூட்டம் மட்டுமே போதாது. குடியேறியவர்களைப் பற்றிய உளவியலாளர் ஜான் பெர்ரியின் ஆய்வுகள், சொந்தப் பண்பாட்டைக் கைவிடாமல் புதிய சமூகத்தோடும் பழகுபவர்களே பொதுவாக மனநலத்தோடு இருப்பதாகக் காட்டுகின்றன. கடைக்காரரிடம் நாலு வார்த்தை அரபியிலோ மலாயிலோ பேசத் தெரிந்தாலே அந்தத் தெரு அந்நியமாக இராது. அடுத்த கட்டிலில் இருக்கும் நேபாளியோடும் வங்காளியோடும் சேர்ந்து சமைப்பதும் அப்படியே.

போன் விஷயத்தில் அளவு வேண்டும். கேசட்டில் குரலைப் பதிந்து அனுப்பிய காலம் போய், இன்று வீடியோவில் வீட்டு அடுப்படிவரை பார்க்க முடிகிறது. நாள் முழுக்க அதிலேயே இருப்பவருக்கு இருக்கும் இடம் பழகுவதில்லை. தினமும் ஒரு நேரம் குறித்துக்கொண்டு, பிள்ளையின் படிப்பு, வீட்டுச் செலவு பற்றிய முடிவுகளில் பங்கெடுத்துப் பேசுவது நல்லது. லீவில் வரும்போது அந்நியமாகத் தோன்றுவது அதனால் குறையும்.

தூக்கமின்மையும் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, உயிர் வெறுத்துப் போனாலோ அது வெறும் ஏக்கமல்ல. மருத்துவரைப் பார்க்க வேண்டும். துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தின் கீழ் இயங்கும் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவின் கட்டணமில்லாத தொலைபேசியில் 24 மணி நேரமும் உதவி கேட்கலாம்.