பசுமைக்குடிலும் உழைப்பவர் நலமும்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலை ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுடையது. அங்குத் தக்காளியும் குடைமிளகாயும் கனமழையால் கெடாதிருக்க நெகிழிக் கூரையின்கீழ் வளர்க்கப்படுகின்றன. பயிரைக் காக்கும் அக்கூரை, உள்ளே உழைப்பவரை வருத்தவும் கூடும். காற்றோட்டம் குறைந்தால் கதிரவனின் வெப்பமும் பயிர்கள் வெளிவிடும் நீராவியும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது, உடல் குளிராது. தெளித்த பூச்சிமருந்தும் விரைவில் கலையாது.

இவ்விடத்துக் கதிரவனே துணையுமாகிறான். வெயில் மிகும் நண்பகலில்தான் சூரியத் தகடுகளும் மிகுதியாக மின்சாரம் தருகின்றன. அதைக்கொண்டு காற்றாடிகளை இயக்கினால், வெப்பம் ஏறும் பொழுதே காற்றோட்டமும் பெருகும். எனினும் எந்திரம் மட்டும் போதாது. குடிநீர், நிழலில் ஓய்வு, சுவாசக் கவசம், மருந்து தெளித்தபின் குறித்த காலம் உள்ளே நுழையாமை ஆகியனவும் வேண்டும். விளைச்சலை அளப்போர் விளைவிப்போரின் உடல்நலத்தையும் அளத்தல் கடன்.