ரூபியின் பெயரில்லாத வரிகள்

ரூபி மொழியில் ஒரு கோப்பைத் திறக்கச் சொல்லும்போதே, அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் 'டூ', 'எண்ட்' என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில் எழுதிவிடலாம். ரூபி கோப்பைத் திறக்கும், அந்த வரிகளை ஓட்டும், பிறகு தானே மூடிவிடும். நடுவில் பிழை வந்தாலும் மூடாமல் போகாது. பெயர் வைக்காமல் அங்கேயே எழுதிக் கொடுத்த அந்த வரிகளுக்கு பிளாக் என்று பெயர்.

யுகிஹிரோ மாட்சுமோட்டோ 1993-ல் ஜப்பானில் ரூபியை உருவாக்கத் தொடங்கி, 1995 டிசம்பரில் வெளியிட்டார். பிளாக்குக்கு அடிப்படையான, பெயரில்லாத ஃபங்ஷன் என்ற கருத்து ரூபிக்கும் மிக முந்தையது. 1930களில் கணிதவியலாளர் அலோன்சோ சர்ச் வகுத்த லாம்டா கால்குலஸில் அதன் வேர் இருக்கிறது. லிஸ்ப், ஸ்மால்டாக் என்ற மொழிகள் அதை நிரல் எழுதுபவர்களின் கைக்குக் கொண்டுவந்தன.

ரூபியின் அழகு 'ஈல்டு' என்ற ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. ஒரு மெத்தட், அதாவது பெயர் சொல்லி அழைக்கும் செயல்முறை, தன் வேலையின் நடுவே அந்தச் சொல்லில் நின்று, நாம் கொடுத்த பிளாக்கை ஓடவிடுகிறது. அது முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. முன்வேலையும் பின்வேலையும் மெத்தடுக்கு, நடுவேலை நமக்கு. கோப்பை மூட மறந்து தவிக்கும் பிழைகளை இந்த ஏற்பாடு வேரோடு அகற்றுகிறது. பிளாக்கின் முதல் பயன் இதுதான் என்பேன். எழுத்து மிச்சமாவது அப்புறம்தான்.

பிளாக் தான் எழுதப்பட்ட இடத்தின் மாறிகளையும் கூடவே வைத்துக்கொள்கிறது. வெளியே 'மொத்தம்' என்று ஒரு மாறி இருந்தால், பட்டியலின் ஒவ்வொரு விலையையும் பிளாக்குக்குள் அதோடு கூட்டிக்கொண்டே போகலாம். அது நகல் இல்லை, அதே மாறி.

பிளாக் தன்னளவில் ஆப்ஜெக்ட் இல்லை. எடுத்து வைத்துப் பின்னால் அழைக்க வேண்டுமென்றால் அதை 'ப்ராக்' வகுப்பின் ஆப்ஜெக்டாக மாற்ற வேண்டும். அதில் சாதாரண ப்ராக், லாம்டா என்று இரண்டு வகை உண்டு. சாதாரண ப்ராக்கில் 'ரிட்டர்ன்' எழுதினால், அது எந்த மெத்தடுக்குள் எழுதப்பட்டதோ அந்த மெத்தடையே முடித்துவிடும். அந்த மெத்தட் ஏற்கெனவே முடிந்திருந்தால் பிழைதான் வரும். லாம்டாவில் 'ரிட்டர்ன்' அந்த லாம்டாவோடு நிற்கும். கொடுக்கும் மதிப்புகளின் எண்ணிக்கை தவறினாலும் லாம்டா உடனே பிழை சொல்லும்; ப்ராக் கூடுதலை உதறிவிட்டுப் பேசாமல் ஓடும். அதனால் சேமித்து வைக்கிற எதையும் லாம்டாவாகவே எழுதுங்கள். 1.9 பதிப்பிலிருந்து அதற்கு ஒரு சிறிய அம்புக்குறியே போதும்.